கணவாய்க் கம்பெனியில் ஒரு வா, ஒரு கா

போன வாரம் மகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மீன்பிடித் துறைமுகம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஐஸ் ஃபேக்டரி மதிலைக் கடக்கும்போது அமோனியா வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கண்ணில் நீர் வந்தது. வாய் தன்பாட்டுக்கு, “ஒஹாயோ கோசாய்மஸ்” என்றது.

“என்னம்மா முனங்குத?”

“ஒண்ணுமில்ல. காலை வணக்கம் சொன்னேன்.”

“சாயந்தரம் நாலு மணிக்கா?”

அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ட்ராஃபிக்கில் பின்சீட்டிலிருந்து கதை சொன்னால் பிரேக் போடுவதுதான் அவள் பதில். உங்களுக்குச் சொல்கிறேன்.

அமோனியா வாடையும் ஜப்பானிய மொழியும் என் வாழ்க்கைக்குள் ஒரே வாசல் வழியாக வந்தவை. பி.காம். முடித்த கையோடு, தூத்துக்குடியில் கணவாய் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆபீஸ் வேலை என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். முன்பக்கம் இரண்டு அறைகள். பின்னால் பெண்கள் வரிசையாக நின்று கணவாயைச் சுத்தம் செய்து வெட்டும் பெரிய கட்டிங் ஹால். அதற்கும் பின்னால் ஃப்ரீசர். ஃப்ரீசரைக் குளிர்விக்கிற அமோனியா ஏதாவது ஒரு குழாய் மூட்டில் லேசாகக் கசிந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் முழுக்கக் கண்ணைக் கசக்கியபடியேதான் டைப் அடித்தேன். ஏரலில் பஸ்ஸை விட்டு இறங்கி, அப்பாவின் பாத்திரக் கடைக்குள் சிவந்த கண்ணோடு நுழைந்ததும் அவர் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார்.

“எவன் என்ன சொன்னான்? சொல்லு, நாளைக்கே வாரேன்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலப்பா. கேஸு.”

“என்ன கேஸு? போலீஸ் கேஸா?”

இப்படி ஒரு வீட்டிலிருந்துதான் நான் மொழிபெயர்ப்பாளரானேன்.

எங்கள் கணவாயில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது. அங்கிருந்து ஃபேக்ஸ் வரும். மேலே இரண்டு வரி ஆங்கிலம், கீழே முழுக்க ஜப்பானிய எழுத்து. மெட்ராஸிலிருந்து ஒருவர் அவ்வப்போது வந்து படித்துச் சொல்லிவிட்டுப் போவார். நான் சும்மா இருக்கும் நேரங்களில் அந்த எழுத்துகளைப் பழைய தாள்களில் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பேன். கோலம் போடுகிற கை, சும்மா இருக்காது. மெட்ராஸ்காரர் ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்டார். மேனேஜர் தங்கராசு அண்ணாச்சி என் மேசைப் பக்கம் வந்து அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தார்.

“ஏளா, இதெல்லாம் நீயா வரைஞ்சது?”

“சும்மா அண்ணாச்சி. எழுதிப் பாத்தேன்.”

“எழுத வந்துட்டுல்லா. அப்படியே பேசவும் படிச்சிரு.”

ஏதோ சைக்கிள் ஓட்டத் தெரிந்தவளிடம் கேரியரில் ஆளை வைத்து ஓட்டச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பாடப்புத்தகமும் நான்கு கேஸட்டுகளும் தபாலில் வந்தன. ஏரலுக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான பஸ் பயணம்தான் என் வகுப்பறை. ஜன்னலோரத்தில் ஆற்றுப் பாசன வயல் முடிந்து உப்பளம் தொடங்குவதற்குள் ஒரு பாடம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் எனக்குக் கர்வம் தாங்கவில்லை. ஜப்பானியம் கஷ்டம் என்று யார் சொன்னது? நம்மைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிறார்கள். நம்மைப் போலவே பெயர்ச்சொல்லின் வாலில் உருபை ஒட்டுகிறார்கள். நம்முடைய ‘ஐ’க்கு அவர்களிடம் ஓர் ‘ஓ’. நம்முடைய ‘கு’வுக்கு ‘நி’. ‘இருந்து’ என்பதற்குக் ‘கரா’. நாம் வாக்கியத்தின் கடைசியில் ‘ஆ’ போட்டுக் கேள்வியாக்குகிற மாதிரி அவர்கள் ‘கா’ போடுகிறார்கள். தமிழ் வாக்கியத்தை எடுத்து, சொற்களை மட்டும் கழற்றிவிட்டு ஜப்பானியச் சொற்களை மாட்டினால் போதும்.

பிறகு எழுவாய் வந்தது.

நாசரேத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த நாட்களில், எங்கள் தமிழ் டீச்சர் முதல் வேற்றுமைக்கு உருபு கிடையாது என்று எழுதவைத்தது நினைவிருக்கிறது. பரீட்சையில் மிகவும் பிடித்த பதில் அது. எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. நமக்கு ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் ஜப்பானியர்கள் இரண்டு உருபுகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘வா’. இன்னொன்று ‘கா’. கேள்விக்குப் போடுகிற கா அல்ல, ‘காந்தி’யில் வருகிற கா. எந்த இடத்தில் வா, எந்த இடத்தில் கா? ஒன்று பேசுபொருளைச் சுட்டும், மற்றது எழுவாயைச் சுட்டும் என்றது புத்தகம். ‘நான் சாப்பிட்டேன்’ என்பதில் நான் பேசுபொருளா, எழுவாயா? பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டும்தான் என்று பட்டது. கொஞ்ச நாள் ஒரு வாக்கியத்துக்கு வா, அடுத்ததற்குக் கா என்று பாரபட்சம் இல்லாமல் போட்டுவந்தேன்.

சீசன் தொடங்கியதும் ஹமாதா சான் வந்து சேர்ந்தார். பெயரோடு ஒட்டுகிற ‘சான்’ ஜப்பானியர்களின் மரியாதைச் சொல். வாங்குகிற கம்பெனி அனுப்பிவைத்த தரப் பரிசோதகர். பெண், முப்பது வயது இருக்கும். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூப்பு. சீசன் முடியும்வரை இங்கேயே லாட்ஜில் தங்கி, ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒவ்வொரு சரக்குத் தொகுதியையும், பார்த்து அனுப்புவது வேலை. மூன்றே நாளில் பொரித்த பரோட்டாவைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு வேறு இரவுச் சாப்பாடு அவர் சாப்பிட்டதாக எனக்குத் தெரியாது.

அவர் வந்திறங்கிய காலை, அண்ணாச்சி என்னை வாசலில் நிறுத்தியிருந்தார். நான் குனிந்து, மனப்பாடம் செய்துவைத்திருந்ததைச் சொன்னேன். “வாதாஷி கா” என்று தொடங்கி, என் பெயரைச் சொல்லி, “தெஸ்” என்று முடித்தேன். வாதாஷி என்றால் நான். அன்றைய முறை காவினுடையது.

ஹமாதா சான் என்னைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழாகப் படித்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“என்னளா சொன்ன? அந்தம்மா பையத் துழாவுது,” என்றார் அண்ணாச்சி பல்லைக் கடித்தபடி.

இரண்டு வாரம் பழகிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார் ஹமாதா சான். யாராவது உன்னைத் தேடிக்கொண்டு வந்து நின்றால், அப்போதுதான் அப்படிச் சொல்ல வேண்டும். நீ சொன்னதும், யாரையோ தேடிப் பார்க்க வேண்டும் என்பதை என் ஆபீஸில் சொல்ல மறந்துவிட்டார்களோ என்று பயந்துபோனேன் என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் சிரித்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இனிமேல் மனிதர்களுக்குக் காவே போடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவுக்கு வலு சேர்க்கிற மாதிரி ஒருநாள் மழை பெய்தது. தூத்துக்குடியில் மழை பெய்தால் அது ஒரு செய்தி. ஆபீஸ் ஜன்னலில் சடசடவென்று சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் எழுந்து ஓடினோம். “ஆமே கா” என்றார் ஹமாதா சான். ஆமே என்றால் மழை. பிறகு ஒரு கப்பல் தெரிந்தபோது கப்பலுக்கும் கா. மதில்மேல் பூனைக்கும் கா. கண்முன்னால் புதிதாக ஒன்று வந்தால் கா போடுவோம் என்று விளக்கினார். நான் என் விருப்பத்துக்கு அதைச் சுருக்கிக்கொண்டேன். மனிதர்களுக்கு வா, மற்றதுக்கெல்லாம் கா. எவ்வளவு சுலபம்! இரண்டு மாதம் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன். ஹமாதா சானும் ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரி இவ்வளவு பேசுவதே பெரிது என்று விட்டிருப்பார்.

இங்கே ஜெசிந்தா அக்காவையும் லூர்து அக்காவையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருவரும் கட்டிங் ஹால் சூப்பர்வைசர்கள். இருவருக்கும் ஊர் கீழவைப்பார். காலையில் கம்பெனி வேனில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருவார்கள், மத்தியானம் ஒருவர் தூக்குச்சட்டியிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். ஜெசிந்தா அக்கா குறைவாகப் பேசுவார். லூர்து அக்கா அதற்கும் சேர்த்துப் பேசுவார். என்னைக் கண்டால், “ஏளா சப்பான்காரி, இன்னைக்கு என்ன குருவிச் சத்தம் படிச்ச?” என்று ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்பார்.

ஹமாதா சான் கொச்சியில் இன்னொரு கம்பெனியைப் பார்ப்பதற்காக ஒரு வாரம் போயிருந்த சமயம், ஜப்பானிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. முன்பு போன ஒரு லாட்டில், வெட்டிய கணவாய்த் துண்டுகளோடு அதன் முதுகு ஓட்டின் சில்லுகளும் கிடந்திருக்கின்றன. இந்த லாட்டை யார் பரிசோதித்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் யார் உதவியும் இல்லாமல் அதைப் படித்துவிட்டேன். அந்தப் பெருமையில், வந்திருப்பது புகார் என்பதுகூட உறைக்கவில்லை. துள்ளிக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

“அக்கா, இந்த லாட்ட யாரு பாத்தா?”

ஜெசிந்தா அக்கா நம்பரைப் பார்த்தார். கையிலிருந்த உறையைக் கழற்றினார்.

“நாந்தான் பாத்தேன். ஏன், எதுவும் கோளாறா?”

“ஓடு கெடந்துச்சாம்.”

அவர் முகம் ஒரு கணம் வாடியது. “நாந்தான் பாத்தேன்னு எழுது,” என்றார் மறுபடியும்.

நான் ஆபீஸுக்கு வந்து, கோலமாவு தூவுகிற நிதானத்தோடு எழுதினேன். “ஜெசிந்தா சான் வா காகுனின் ஷிமாஷிதா.” ஜெசிந்தா பரிசோதித்தார். மனிதர்தானே, அதனால் வா. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். ஃபேக்ஸ் போனது.

இரண்டாம் நாள் பதில் வந்தது. ஜெசிந்தா சான் பரிசோதித்தது தெரிகிறது, தங்களிடம் இருக்கும் சூப்பர்வைசர் பட்டியலில் உள்ள லூர்து சான் ஏன் பரிசோதிக்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். விளக்கம் வரும்வரை தங்களுடைய லாட்டுகளில் லூர்து சானை ஈடுபடுத்த வேண்டாம் என்றும் பணிவாக எழுதியிருந்தார்கள். பணிவாக எழுதினாலும் விலக்குவது விலக்குவதுதானே. லூர்து அக்காவை இவர்கள் எதற்கு இழுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். அப்படித்தான் இருந்தது.

அண்ணாச்சி இருவரையும் கூப்பிட்டுவிட்டார்.

“எம்மா லூர்து, அந்த லாட்ட நீ ஏன் பாக்கலன்னு சப்பான்லருந்து கேக்காவ.”

“அது என் லாட்டே இல்லியே அண்ணாச்சி! நான் அன்னைக்கு எறா பக்கம்லா நின்னேன்.”

“அப்ப ஒன்னைய ஏன் கேக்காவ?”

லூர்து அக்கா மெதுவாக ஜெசிந்தா அக்காவின் பக்கம் திரும்பினார்.

“நீ சொன்னியாளா? நான் பாத்தேன், அவ பாக்கலன்னு?”

“மாதா சத்தியமா இல்ல. யாரு பாத்தான்னு கேட்டா. நாந்தான்னு சொன்னேன். அவ்ளோதான்.”

“அப்ப சப்பான்காரனுக்குக் கனவா வந்துச்சி? ஓங்கூட ஒரே சட்டியில தின்னேன் பாரு, என்னைய அடிக்கணும்.”

அன்று மத்தியானமே லூர்து அக்காவை இறால் உரிக்கிற ஷெட்டுக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசராக நடந்தவர், உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஜெசிந்தா அக்கா தன் தூக்குச்சட்டியைத் திறக்காமலே வைத்திருந்ததை நான் பார்த்தேன். என்னை ‘சப்பான்காரி’ என்று கூப்பிடுகிற குரல் ஹாலில் இல்லை. சத்தமாகப் பேசுகிற ஒருவர் பேசாமலிருந்தால் ஓர் இடம் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது!

மறுநாள் சாயந்தரம், பஸ்ஸுக்காக நான் கேட்டருகே நின்றிருந்தேன். வீடு திரும்புகிற பெண்களை வேன்களில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர்களுக்கு யார் பெயரும் தெரியாது. ஊர் பெயர்தான்.

“வேம்பாரு யாரு? வேம்பாரு ஏறு. கீழவைப்பாரு யாரு?”

“நாந்தான் கீழவைப்பாரு,” என்று கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார் ஜெசிந்தா அக்கா. முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கொஞ்சம் கழித்து லூர்து அக்கா வந்து, நேரே கடைசி சீட்டுக்குப் போனார். அன்று புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், ஜெசிந்தா அக்காவிடம் ஜன்னல் வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா எந்த ஊரு?”

“நான் வந்து கீழவைப்பாரு. நீ?”

வேன் கிளம்பிப் போய்விட்டது. என் பஸ்ஸும் வந்து, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான் அசையவில்லை.

நாந்தான் கீழவைப்பாரு. நான் வந்து கீழவைப்பாரு. ஒரே ஆள், ஒரே ஊர். ஆனால் இரண்டையும் மாற்றிச் சொல்ல முடியாது. ‘யாரு?’ என்று கேட்டவனுக்கு ‘நான் வந்து’ என்று யாராவது பதில் சொல்வார்களா? ‘யாரு வந்து’ என்று கேட்கத்தான் முடியுமா? என் நாக்கு பிறந்ததிலிருந்து இதைத் தப்பாமல் செய்துகொண்டிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ‘வந்து’ இருக்கும் இடத்தில் வா. ‘தான்’ இருக்கும் இடத்தில் கா. மழையையும் பூனையையும் இதற்குள் அடக்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது. மழைக்கு யார் ‘தான்’ போடுகிறார்கள்? இருந்தாலும் மனிதர்களுக்கு இது போதும்.

அப்போதுதான் நான் எழுதிய ஃபேக்ஸ் நினைவுக்கு வந்தது. ஜெசிந்தா அக்கா ‘நாந்தான் பாத்தேன்’ என்று இரண்டு தரம் சொன்னார். குற்றம் தன் தலையில் விழும் என்று தெரிந்தே சொன்னார். நான் அந்தத் ‘தான்’ஐ விட்டுவிட்டு வாவைப் போட்டிருக்கிறேன். ஜப்பானில் அதைப் படித்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? ஜெசிந்தாவைப் பொறுத்தவரை பரிசோதித்தார், மற்றவரைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று கேட்டிருக்கும். அவர்கள் மற்றவரைப் பற்றிக் கேட்டார்கள். யாரையும் காட்டிக்கொடுக்காத ஒருத்தியை நான் காட்டிக்கொடுத்தவளாக்கியிருந்தேன்.

காலையில் முதல் வேலையாக அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஒரு எழுத்துக்கா இம்புட்டு கூத்து?”

“ஆமா அண்ணாச்சி. நான் எழுதினது தப்பு. திருத்தி அனுப்பணும்.”

“நல்லா யோசிச்சுக்கோ. எங்க ஆபீஸ் பிள்ளைக்கே ஒங்க பாஷை தெரியும்னு பெருமையா எழுதி வச்சிருக்கேன். இப்ப தப்புன்னா, மெட்ராஸ்லருந்து ஆளக் கூட்டிட்டு வான்னுருவான். ஹமாதாம்மா வரட்டும். அவுக சொன்னா சரியாயிரும். நீ எழுதாண்டாம்.”

அவர் என் நன்மைக்காகத்தான் சொன்னார். எனக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. யாருக்கும் புரியாத ஒன்று எனக்குப் புரிகிறது என்கிற சந்தோஷத்தை எப்படி விடுவது? இறால் ஷெட்டின் தகரக் கூரை ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“அதுவரைக்கும் லூர்து அக்கா அங்கன உக்காந்திருக்கணுமா அண்ணாச்சி?”

அவரும் ஜன்னலைப் பார்த்தார். “சரி, எழுது,” என்றார்.

நான்கு வரி எழுத மத்தியானம் ஆகிவிட்டது. பரிசோதித்தவர் ஜெசிந்தா சான், இந்த முறை காவோடு. லூர்து சானுக்கு அன்று வேறு வேலை. அவர்மேல் பிழை இல்லை. கடைசி வரி மட்டும் எழுதும்போது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “வாதாஷி கா மாச்சிகாயேமாஷிதா.” பிழை செய்தது நான்தான்.

இரண்டு நாள் ஃபேக்ஸ் மெஷின் வாயைத் திறக்கவில்லை. அது கிர்ரென்று சத்தம் போட்ட ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடினேன். ஒருமுறை ராங் நம்பர், ஒருமுறை கப்பல் ஏஜெண்ட்.

மூன்றாம் நாள் ஹமாதா சானே வந்து நின்றார். கொச்சிக்கு அவருடைய ஆபீஸ் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறது. நான் எழுதிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் விரித்தார். இரண்டாவது தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இந்தக் கா,” என்றார், “சரியான கா.”

திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. நேரே ஹாலுக்குப் போய், கடைசி மேசையில் குனிந்து நின்று நெடுநேரம் பார்த்தார். அந்த ஓடு வெள்ளை. கணவாய் வெள்ளை. எங்கள் தட்டும் வெள்ளை. யார் நின்றாலும் தப்பவிட்டிருப்பார்கள் என்று அவரே எழுதி அனுப்பினார். அடுத்த வாரம் நீலத் தட்டுகள் வந்தன. அதற்குப் பிறகு ஓட்டுப் புகார் வந்ததாக நினைவில்லை.

அன்றே ஜப்பானிலிருந்தும் பதில் வந்தது. லூர்து சானிடம் எங்கள் வருத்தத்தைத் தெரிவியுங்கள் என்று அவர் பெயரைப் போட்டு எழுதியிருந்தார்கள். நான் அதை இறால் ஷெட்டுக்குக் கொண்டுபோய், எல்லோரும் கேட்கும்படி தமிழில் வாசித்தேன். லூர்து அக்கா உரிப்பதை நிறுத்தவில்லை.

“சரி. சப்பான்காரன் மன்னிப்பு கேட்டுட்டான். நீ கேட்டியா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடல் தாண்டி எழுதியவள், முப்பது அடி நடந்து வந்து இவரிடம் சொல்லவில்லை.

“அக்கா… நான்தான்…”

“நீதான்னு தெரியும். போ. நாளைக்கு வரும்போது ஒங்க ஊருப் பக்கத்து ஆத்தூர் வெத்தல வாங்கிட்டு வா. வாடுனத வாங்கிட்டு வந்தன்னா திருப்பி அனுப்பிருவேன்.”

வெற்றிலையோடு எனக்கான வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரம் லூர்து அக்கா பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெசிந்தா அக்கா ஒரு கை தள்ளி உட்கார்ந்திருந்தார். இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“ஏளா, அவகிட்டச் சொல்லு. பாறை மீன் கொழம்பு இருக்குன்னு,” என்றார் லூர்து அக்கா.

“அக்கா, பாறை மீன் கொழம்பு இருக்காம்.”

“காரம் கொறச்சலா இருக்கும். வேண்டாம்னு சொல்லு.”

“காரம் கொறச்சலா இருக்குமாம். வேண்டாமாம்.”

“தின்னு பாக்காமயே எப்படித் தெரியும்னு கேளு.”

தமிழிலிருந்து தமிழுக்கு இப்படி அரைமணி நேரம் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லையும் விட்டுவிடாமல், ‘தான்’ வந்த இடத்தில் ‘தான்’ போட்டு, ‘வந்து’ வந்த இடத்தில் ‘வந்து’ போட்டு. கடைசியில் ஜெசிந்தா அக்கா கையை நீட்டி அந்தச் சட்டியிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். வாழ்க்கையில் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே இன்றுவரை எனக்குத் திருப்தியான ஒன்று அது.

மெட்ராஸிலிருந்து ஆள் வரவில்லை. இன்னும் ஆறு சீசன் நானே அந்த வேலையைப் பார்த்தேன். ஹமாதா சான் அதில் மூன்று சீசன் வந்தார். பிறகு கல்யாணமாகி, புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் மட்டும் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தன. எனக்கும் கல்யாணம், பிள்ளை, வேறு வேலை. கம்பெனி கை மாறி, பிறகு மூடப்பட்டது என்று கேள்விப்பட்டபோது நான் அங்கிருந்து வந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அக்காமார் இருவரும் கீழவைப்பாரில் நன்றாக இருக்கிறார்கள். லூர்து அக்காவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அதனால் முன்னைவிடவும் சத்தமாகப் பேசுகிறார்.

ஜப்பானியம்தான் என்னை விட்டுப் போய்விட்டது. பேச ஆளில்லாத மொழி எத்தனை நாளைக்கு வீட்டில் தங்கும்? சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. இப்போதெல்லாம் பரிசோதகர்கள் வந்து சீசன் முழுக்கத் தங்குவதில்லை என்கிறார்கள். கேமராவில் பார்த்துக்கொள்கிறார்களாம். கேள்வியும் பதிலும் போனிலேயே தமிழாகவும் ஜப்பானியமாகவும் மாறிக்கொள்கின்றனவாம். அது நல்லதுதான். லூர்து அக்கா மாதிரி யாரும் ஐந்தாறு நாள் ஷெட்டில் உட்கார வேண்டியிருக்காது.

சென்ற ஆண்டு ஒரு வேலையாகத் துறைமுகச் சாலைப் பக்கம் போனபோது, பழைய இடத்தைப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன். மதில் இல்லை. கட்டடம் இல்லை. தரையைச் சமப்படுத்தி, கண்டெய்னர் லாரிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு லாரியின் நிழலில் ஒரு டிரைவர் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். பேச்சில் சேலம் பக்கம் என்று தெரிந்தது.

“யாருங்கம்மா வேணும்?”

“யாரும் வேண்டாம்பா. நான் முன்னால இங்கன வேல பாத்தேன்.”

“இங்கயா? இங்க என்னங்கம்மா இருந்துச்சு?”

கையை நீட்டிக் காட்டினேன். அந்த லாரி நிற்கிற இடத்தில் கட்டிங் ஹால். அதற்குப் பின்னால் ஃப்ரீசர். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அங்கேதான் ஆபீஸ் ஜன்னல், அதிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியும். அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி நான் காட்டிய இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே லாரிகளைத் தவிர ஒன்றும் இல்லை.

“ரொம்பப் பெரிய கம்பெனியா இருந்திருக்கும் போலங்க,” என்றார் மரியாதைக்கு.

அவ்வளவு பெரிதெல்லாம் இல்லை. ஆனாலும் நான், “ஆமா,” என்றேன்.